சக்கரம் தரையை விடக் கூடாது

மலைச் சைக்கிள் வாங்கப் போகிறவரிடம் நம் ஊர்க் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இன்ச் பார்க்கிறீங்க?" என்பதுதான். அவர் கேட்பது சக்கரத்தின் விட்டத்தை: 26, 27.5 அல்லது 29. வாங்க வந்தவரோ அதைத் தன் உயரத்துக்கு ஏற்ற அளவு என்று எடுத்துக்கொள்கிறார். அடுத்து எல்லார் பார்வையும் ஸ்பிரிங்கில் போய் நிற்கும். சீட்டுக்குக் கீழே சிவப்புச் சாயம் பூசிய தடித்த ஸ்பிரிங் ஒன்று தெரிந்தால், கூட வந்த பையன் அந்த வண்டியை விட்டு நகர மாட்டான். விலையும் இருபதாயிரம் ரூபாய்க்குள் இருக்கும்.

தவறான தேர்வுகள் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் நடக்கின்றன. சக்கர விட்டம் ஓட்டுபவரின் உடம்பளவைச் சொல்வதில்லை. ஸ்பிரிங் இருப்பதாலேயே ஒரு வண்டிக்குச் சஸ்பென்ஷன் வந்துவிடுவதும் இல்லை. முதலில் ஃபிரேம் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்து டயர், கடைசியில் சஸ்பென்ஷன். நல்ல சஸ்பென்ஷனுக்குப் பணம் போதவில்லை என்றால், அது அறவே இல்லாத வண்டியை வாங்குவதே மேல். இதைக் கறாராகவே சொல்கிறேன். அதற்கான காரணம் எளிய இயற்பியலில் இருக்கிறது.

சஸ்பென்ஷன் எதற்கு என்று கேட்டால் உடம்பு குலுங்காமல் இருக்க என்போம். அது பாதி பதில். பிரேக் பிடிப்பதும், வளைவதும், மிதித்து முன்னேறுவதும் டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான். ஒரு வேரின் மேல் ஏறிய சக்கரம் கண நேரம் அந்தரத்தில் நின்றால், அந்தக் கணத்தில் பிரேக்கும் கிடையாது, திருப்பமும் கிடையாது. ஆகவே மேடு பள்ளத்தைச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கித் தொடர வேண்டும். மேலே இருக்கும் ஆளும் ஃபிரேமும் முடிந்தவரை நேர்கோட்டில் போக வேண்டும். உடம்புக்குக் கிடைக்கும் சுகம் இதன் உபரி.

இந்த வேலைக்கு இரண்டு உறுப்புகள் வேண்டும். ஸ்பிரிங் ஒன்று; அது இடியின் ஆற்றலை வாங்கி வைத்து அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். திருப்பிக் கொடுப்பதைத் தடுத்து வெப்பமாக மாற்றுவது இரண்டாவது உறுப்பான டாம்பர். உள்ளே எண்ணெய் இருக்கும். பிஸ்டன் நகரும்போது அந்த எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டியிருக்கும். மெதுவாக நகர்ந்தால் எதிர்ப்பு குறைவு, வேகமாக நகர்ந்தால் எதிர்ப்பு அதிகம். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் போய் எண்ணெய் ஒழுகிவிட்டால், ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி இரண்டு மூன்று தடவை எம்பும். ஸ்பிரிங் அங்கேயேதான் இருக்கிறது, போனது எண்ணெய் மட்டும். மலிவு விலைச் சைக்கிளின் பின்பக்க ஸ்பிரிங் பெரும்பாலும் எண்ணெயே ஊற்றப்படாமல் பிறந்த ஷாக். வாங்கிய நாளிலேயே அது ஆயில் போன நிலையில்தான் இருக்கிறது.

ஸ்பிரிங் எவ்வளவு வேகமாகத் துள்ளும் என்று கண்டுபிடிக்க ஓர் அழகான குறுக்கு வழி உண்டு. வண்டியில் ஏறிப் பெடல்மேல் நின்றதும் ஓட்டுபவரின் எடைக்கே சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும். சைக்கிள்காரர்கள் அதை 'சேக்' என்கிறார்கள். புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐ மீட்டர் கணக்கிலான இந்தச் சேக்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் வகுத்தால் போதும். நொடிக்கு எத்தனை துள்ளல் என்பது வந்துவிடும். ஆளின் எடையும் தெரிய வேண்டாம், ஸ்பிரிங்கின் விறைப்பும் தெரிய வேண்டாம். இரண்டும் அந்த அமுக்கத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. 30 மில்லிமீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷனுக்குப் போட்டுப் பாருங்கள்: 9.8-ஐ 0.03-ஆல் வகுத்தால் சுமார் 327, அதன் மூலம் 18, அதை 6.28-ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 2.9 துள்ளல்.

இந்த எண் கையில் இருந்தால் பல விஷயங்கள் விளங்கும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 5 மீட்டர். அரை மீட்டருக்கு ஒரு வேர் குறுக்கிடும் பாதையில் அந்த வேகத்தில் போனால் நொடிக்குப் பத்து இடி. ஸ்பிரிங்கின் சொந்தத் துள்ளலைவிட 1.4 மடங்குக்கு மேல் வேகமாக வரும் அதிர்வுகளை அது மேலே கடத்தாமல் குறைக்கத் தொடங்கும் என்பது அதிர்வியலின் அடிப்படை விதி. இங்கே வருவதோ மூன்று மடங்குக்கும் மேல். சக்கரம் கீழே படபடவென்று அடித்துக்கொள்ள, ஆள் கிட்டத்தட்ட அசையாமல் போகிறார்.

இதே எண்ணில் ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கும் ஒருவர் வலக்கால், இடக்கால் என்று 160 உந்தல் கொடுக்கிறார். நொடிக்கு 2.7. ஸ்பிரிங்கின் துள்ளல் 2.9. இரண்டும் ஏறத்தாழ ஒன்று! பின்னால் ஸ்பிரிங் வைத்த வண்டியில் ஏற்றத்தில் மிதிக்கும்போது சீட் ஏறி இறங்கி ஏறி இறங்கி உயிரை வாங்குவது இதனால்தான். ஒத்ததிர்வு. மிதிப்பவரின் உழைப்பில் ஒரு பகுதி ஸ்பிரிங்கை அமுக்கி விடுவதிலேயே செலவாகிறது. ஒத்ததிர்வு நடக்கும் இடத்தில் அதைக் கட்டுப்படுத்த டாம்பரை விட்டால் வேறு ஆள் இல்லை. நல்ல வண்டிகளில் இன்னொரு உதவியும் உண்டு. மிதிக்கும்போது செயின் இழுக்கும் விசையே பின்பக்கம் அமுங்குவதை எதிர்க்கும்படி, பின்சக்கரத்தைத் தாங்கும் கம்பிகளின் மூட்டுகளைக் கணக்குப் பார்த்து அமைத்திருப்பார்கள். ஆஸ்திரியாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வேலை செய்த ஹார்ஸ்ட் லைட்னர் தொடங்கிப் பல பொறியாளர்கள் இந்த மூட்டுகளின் இடத்தைச் சில மில்லிமீட்டர் அப்படி இப்படி நகர்த்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறார்கள். சிவப்பு ஸ்பிரிங் வண்டியில் இதெல்லாம் கிடையாது. ஒரே ஒரு மூட்டு, அதில் கொஞ்ச நாளில் விழும் ஆட்டம், கூடவே இரண்டு மூன்று கிலோ கூடுதல் எடை.

மலைச் சைக்கிள் பிறந்தபோது சஸ்பென்ஷன் என்ற பேச்சே இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், 1930-களிலும் 40-களிலும் செய்த தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளிலிருந்து எடுத்து வந்து மலைச் சரிவில் உருட்டிவிட்ட இளைஞர்கள்தான் இதைத் தொடங்கினார்கள். ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் 1976 அக்டோபரில் 'ரீபேக்' பந்தயம் ஆரம்பமானது. மூன்று கிலோமீட்டரில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக்தான் துணை. ஆளும் வண்டியுமாக 90 கிலோ 400 மீட்டர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் 350 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் மிச்சம் இருக்கும். அதில் பெரும் பகுதி அந்தச் சிறிய ஹப்புக்குள் வெப்பமாக இறங்கியதால் உள்ளே இருந்த கிரீஸ் புகைந்தே போகும். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் புதிதாக அடைக்க வேண்டும். சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் என்று அங்கே கூடியவர்களில் பிரீஸ் 1977-இல் மலைக்கென்றே ஒரு ஃபிரேமைத் தன் கையால் செய்தார். பழைய ஷ்வினின் நீளத்தையும் படுத்த வாக்கிலான முன்பக்கச் சாய்வையும் அவர் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முன்பக்கச் சஸ்பென்ஷன் வந்தது மோட்டார் சைக்கிள் உலகத்திலிருந்து. அந்தத் துறையில் பழகிய பால் டர்னர் உருவாக்கிய ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க் 1980-களின் இறுதியில் வெளிவந்தது. அது ஏறி இறங்கிய தூரம் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் உள்ளே காற்றும் எண்ணெயும் இருந்தன. 1990-இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தபோது இறக்கப் பந்தயத்தை வென்ற கிரெக் ஹெர்போல்டின் வண்டியில் இருந்தது அந்த ஃபோர்க்தான். ஐந்து சென்டிமீட்டர் ஆனாலும் எண்ணெயால் கட்டுப்பட்ட ஐந்து சென்டிமீட்டர். இன்று நம் கடைகளில் பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்கும் ஃபோர்க் எளிதாகக் கிடைக்கிறது. அவற்றில் பலவற்றுக்குள் ஸ்பிரிங்கும் ஒரு ரப்பர் துண்டும் மட்டுமே இருக்கும்.

கடையிலேயே சோதிக்கலாம், கருவி எதுவும் வேண்டாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை உடம்பின் எடையோடு அமுக்கிச் சட்டென்று விடுங்கள். ஃபோர்க் எகிறி மேலே வந்து 'டக்' என்று முட்டினால் உள்ளே டாம்பர் இல்லை, அல்லது இருந்தும் வேலை செய்யவில்லை. விரைவாக, ஆனால் ஒரே சீராக எழுந்து நின்றால் நல்லது. திரும்பும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க அடியில் ஒரு திருகு இருந்தால் அதைத் திருப்பி மறுபடி அமுக்குங்கள். வித்தியாசம் கைக்குத் தெரிய வேண்டும். ரொம்பவும் மெதுவாக எழும்படி திருகிவிடவும் கூடாது. அடுத்தடுத்துக் கல் வந்தால், முதல் கல்லில் அமுங்கியது எழுவதற்குள் இரண்டாவது கல் வந்துவிடும். ஃபோர்க் படிப்படியாக அடியில் போய் அமர்ந்துகொள்ளும். அடுத்து, அதே பிரேக்கோடு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஃபோர்க்கின் மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் நுழையும் இடத்தில் விரலை வைத்தால், ஆட்டம் இருந்தால் விரலுக்குத் தெரியும். புது வண்டியிலேயே ஆட்டம் என்றால் அதைத் தொடாதீர்கள்.

எடை விஷயம் நம்மவர்களுக்கு இன்னும் முக்கியம். இரும்புச் சுருள் ஸ்பிரிங் ஒரே விறைப்பு உள்ளது. செய்தவர் எந்த எடையை மனத்தில் வைத்தாரோ அதற்குத்தான் பொருந்தும். 80 கிலோ ஆளுக்கு 24 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங், 50 கிலோ பெண்ணுக்கு 15 மில்லிமீட்டர்தான் அமுங்கும். மேலே சொன்ன கணக்கைப் போட்டால் துள்ளல் நொடிக்கு நான்காக ஏறிவிடுகிறது. இடி அதிகமாக மேலே வரும்; பத்து சென்டிமீட்டர் இருந்தும் பாதிகூடப் பயன்படாது. காற்று ஸ்பிரிங்கில் இந்தச் சிக்கல் இல்லை. எடைக்குத் தக்கபடி சிறிய கை பம்ப்பால் காற்றை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அதோடு காற்றுக்கு இன்னொரு குணம்: அறையின் கன அளவு பாதியானால் அழுத்தம் இரட்டிப்பாகும். அதனால் தொடக்கத்தில் இளகி, கடைசி வரை அமுங்க அமுங்க இறுகிக்கொண்டே போகும். பெரிய இடியிலும் ஃபோர்க் எளிதில் அடியில் போய் மோதாது. ஒல்லியான உடம்புக்காரர்கள் சஸ்பென்ஷனுக்குப் பணம் செலவழிப்பதென்றால் காற்று ஃபோர்க்குக்குச் செலவழிக்கட்டும். சேக் முன்னால் ஃபோர்க் ஏறி இறங்கும் மொத்த ஓட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கும், பின்னால் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரையும் வரும்படி காற்றை நிறுத்துவது பொதுவான வழக்கம்.

முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டெய்ல் போதுமா, பின்னாலும் வேண்டுமா? போகும் பாதைதான் தீர்மானிக்கும். ஒலிம்பிக் வரையிலான தூரப் பந்தயங்களில் இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளே இப்போது முந்துகின்றன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஸ்விட்சர்லாந்தின் நீனோ ஷூர்ட்டர் ஓட்டியது அப்படிப்பட்ட ஒன்று. கற்பாறைப் பாதையில் உடம்பைக் குலுக்கிக் குலுக்கி வீணாகும் ஆற்றலோடு ஒப்பிட்டால், பின் ஷாக்கின் எடை பெரிய சுமை இல்லை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். தூரப் பந்தய வண்டிகளில் 100 முதல் 120 மில்லிமீட்டர், மலைப்பாதையில் ஏறவும் இறங்கவும் செய்கிறவர்களுக்கு 120 முதல் 150, செங்குத்து இறக்கமே குறி என்றால் 200 வரை ஓட்டம் இருக்கும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஓட்டப் போவது எங்கே? ஏரிக்கரை, கிராமத்து மண் பாதை, எஸ்டேட் சாலை, எப்போதாவது கல் நிறைந்த ஒரு சரிவு. இதற்கு நல்ல ஹார்டெய்ல் தாராளம். ஸ்பிரிங்கே இல்லாத, இரும்பு அல்லது அலுமினிய ஃபோர்க் கொண்ட ரிஜிட் வண்டியும் தடித்த டயரோடு சந்தோஷமாகப் போகும்.

டயரைச் சொல்லாமல் விட முடியாது. எல்லா மலைச் சைக்கிளிலும் முதல் சஸ்பென்ஷன் அதுதான், அதற்கு விலையும் குறைவு. டயர் தரையைத் தொடும் பரப்பு, தோராயமாக, அதன்மேல் விழும் எடையை உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. 40 கிலோ விழும் சக்கரத்தில் 45 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் தரையைத் தொடுவது 13 சதுர சென்டிமீட்டர், 25 பி.எஸ்.ஐ.-யாகக் குறைத்தால் 23 சதுர சென்டிமீட்டர். பிடிமானம் கூடுகிறது, சிறு கற்களை டயரே விழுங்கிவிடுகிறது. பஞ்சர் கடையில் கல்லு மாதிரி அடித்துக் கொடுப்பதைத்தான் நாம் நல்ல காற்று என்று பழகியிருக்கிறோம். தார்ச்சாலைக்கு அது சரி. மண்ணுக்கு 2.2 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள டயரும், ரிம் தரையில் முட்டாத அளவுக்குக் குறைந்த காற்றும் வேண்டும். உள்ளே டியூப் இருந்தால் ரொம்பவும் குறைக்க முடியாது, கல்லில் ரிம்மோடு நசுங்கி ஓட்டை விழும். டியூப் இல்லாத டயர் என்றால் இன்னும் இறங்கலாம்.

இனி ஃபிரேம். முன்பெல்லாம் சீட் குழாயின் நீளத்தை அங்குலத்தில் சொல்லி 16, 18, 20 என்று விற்றார்கள். இன்றும் பல கடைகளில் அந்த எண்தான் ஒட்டப்பட்டிருக்கும். சீட்டைத் தூக்கவும் இறக்கவும் முடியும் என்பதால் அந்த எண் நமக்குச் சொல்வது மிகக் குறைவு. ஸ்மால், மீடியம், லார்ஜ் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒருவரின் மீடியம் இன்னொருவரின் ஸ்மால். மலைப்பாதை இறக்கத்தில் யாரும் சீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை, பெடல்மேல் நிற்கிறார்கள். நிற்கும் உடம்பு வண்டியைத் தொடுவது காலிலும் கையிலும் மட்டும். எனவே காலுக்கும் கைக்கும் இடையிலான இடம்தான் உண்மையான அளவு.

அதைச் சொல்ல இரண்டு எண்கள் உண்டு. பெடல்கள் சுழலும் கிராங்க் அச்சிலிருந்து நேர் மேலே ஒரு கோடு இழுங்கள். ஹேண்டில் திரும்பும் குழாயின் உச்சி அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். அந்த உச்சி கிராங்க் அச்சிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். ரீச் 450 மில்லிமீட்டர், ஸ்டாக் 600 மில்லிமீட்டர் என்றால், பள்ளிக்கூடத்து 3-4-5 முக்கோணம்தான்: குறுக்கே 750. ரீச் 420, ஸ்டாக் 590 கொண்ட சின்ன ஃபிரேமில் அது 724. பெரிய ஃபிரேமில் 480-க்கும் 625-க்கும் 788. பார்வைக்கு ஒன்றுபோல் நிற்கும் வண்டிகளுக்குள் ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம். நிறுவனங்கள் இந்த இரு எண்களையும் வெளியிடுகின்றன. வெளியிடாத வண்டியைக் கடையில் ஒரு டேப்பும் சுவரும் இருந்தால் நாமே அளந்துவிடலாம்.

அளவு தவறினால் என்ன ஆகும்? ரீச் குட்டையாக இருந்தால் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும், உடம்பை முன்னும் பின்னும் நகர்த்த இடம் இருக்காது. அதிகமாக நீண்டால் முழங்கை மடங்காமல் விறைத்து நிற்கும். மடங்கிய முழங்கையும் முழங்காலும்தான் எந்த ஃபோர்க்கையும்விடப் பெரிய சஸ்பென்ஷன். முப்பது நாற்பது சென்டிமீட்டர் ஏறி இறங்கக் கூடியது. ஃபிரேம் பொருந்தாதபோது அது பூட்டிக்கொள்கிறது. சஸ்பென்ஷனுக்கு முன்னால் அளவைப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். "வளர்ற பிள்ளை, ஒரு அளவு பெரிசாவே வாங்கு" என்று வீட்டில் சொல்வது சட்டைக்குச் சரியாக வரலாம். இறக்கத்தில் கை எட்டாமல் பிரேக்கைத் தேடும் பிள்ளைக்கு அது ஆபத்து.

பொருந்தாத ஃபிரேமை, ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றிச் சரிசெய்யலாம் என்பார்கள். ஓரளவுதான் முடியும். ஹேண்டிலுக்குக் கீழே 10 மில்லிமீட்டர் வளையம் சேர்த்து உயர்த்தினால், குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் ஹேண்டில் 4 மில்லிமீட்டர் பின்னாலும் வந்துவிடும். அது சின்னத் திருத்தம், கவலையில்லை. குட்டை ஃபிரேமில் நீண்ட ஸ்டெம் போட்டு நீட்டினால் கை முன்சக்கரத்துக்கு மேலேயே போய்விடும், திருப்பலும் மந்தமாகும். 1990-களின் வண்டிகள் அப்படித்தான் இருந்தன. கேரி ஃபிஷர் அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஃபிரேமை நீட்டி ஸ்டெம்மைக் குறைக்கலாம் என்று செய்து காட்டினார். 2010-களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் மொண்ட்ராக்கர் அதை எல்லை வரை கொண்டு போனது. இன்று 35 முதல் 50 மில்லிமீட்டர் ஸ்டெம் சாதாரணம்.

ஃபிரேம் நீண்டதோடு முன்பக்கமும் படுத்துக்கொண்டது. அன்று 71 பாகை இருந்த ஃபோர்க் சாய்வு இன்று மலைப்பாதை வண்டிகளில் 66, 65. இதில் இரண்டு லாபம். முதலாவது, ஹேண்டில் அச்சை நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம் கூடுகிறது. டயர் பின்னால் இழுபட்டு வருவதால் சக்கரம் தானாக நேராகும். 71 பாகையில் 26 அங்குலச் சக்கரத்துக்குக் கணக்குப் போட்டால் இந்தத் தூரம் சுமார் 75 மில்லிமீட்டர். 66 பாகையில் 29 அங்குலத்துக்குச் சுமார் 115. கல் தட்டி ஹேண்டில் திரும்பப் பார்க்கும்போது இந்தக் கூடுதல் நீளம் அதைப் பிடித்து நிறுத்துகிறது. மெதுவாக ஏறும்போது ஹேண்டில் கொஞ்சம் அலையும் என்பது அதற்குக் கொடுக்கும் விலை.

இரண்டாவது லாபம் உயிர் சம்பந்தப்பட்டது. வேகம் கூடாமல் பிரேக் பிடித்துக்கொண்டு செங்குத்தாக இறங்கும்போது, உடம்பின் எடைமையத்திலிருந்து விழும் செங்குத்துக் கோடு முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைத் தாண்டினால் ஆள் தலைகுப்புற விழுவார். எடைமையம் கிராங்குக்கு நேர் மேலே 1.1 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். கிராங்கிலிருந்து முன் அச்சு 63 சென்டிமீட்டர் முன்னால் இருந்த பழைய வண்டி 30 பாகைச் சரிவில் கவிழும். 76 சென்டிமீட்டர் உள்ள இன்றைய வண்டி 35 பாகை வரை தாங்கும். ஓட்டுபவர் உடம்பைப் பின்னுக்குத் தள்ளினால் இரண்டுமே கூடும். ஆனால் பயந்த ஆள் பின்னால் போக மறந்துவிடும் அந்த நேரத்தில் ஃபிரேம் அவருக்காக நினைவு வைத்துக்கொள்கிறது. ஜோ பிரீஸ் பழைய ஷ்வினிலிருந்து எடுத்து வைத்துக்கொண்ட படுத்த சாய்வை, இடையில் பந்தயத்தில் வேகமாகத் திரும்ப வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாரும் கைவிட்டு, முப்பது வருடம் கழித்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

உயரமானவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெடல்மேல் நிற்கும்போது எடை கிராங்குக்கு மேல் இறங்குவதால், கிராங்கிலிருந்து பின் அச்சு வரையிலான தூரத்தை, இரு அச்சுகளுக்கும் இடையிலான மொத்த நீளத்தால் வகுத்தால் முன்சக்கரத்தில் விழும் பங்கு தெரிந்துவிடும். பின் நீளம் 435 மில்லிமீட்டர், மொத்தம் 1150 உள்ள சின்ன வண்டியில் முன்னால் 38 சதவீதம். அதே பின் நீளத்தோடு மொத்தம் 1270 ஆகிவிட்ட பெரிய வண்டியில் 34 சதவீதம். வளைவில் முன்சக்கரம் வழுக்குகிறது என்று உயரமானவர்கள் புலம்புவதற்கு இது ஒரு காரணம். கனடாவின் நோர்கோ போன்ற நிறுவனங்கள் ஃபிரேம் பெரிதாகப் பெரிதாகப் பின் நீளத்தையும் கூட்டுகின்றன. ஆறடிக்கு மேல் இருப்பவர்கள் இந்த எண்ணையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கடையில் அளவு பார்க்கும்போது சீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். சீட்டை நன்றாக இறக்கிவிட்டு, இரு பெடலும் கிடைமட்டமாக இருக்க, ஒருவரைச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எழுந்து நில்லுங்கள். இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி முதுகைத் தாழ்த்தி, கையைத் தொங்க விட்டு ஹேண்டிலுக்குக் கொண்டு போங்கள். எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் பெரிது. முழங்கை விலாவுக்குள் ஒடுங்கினால் சிறிது. முழங்கை வெளிப்பக்கம் மடங்கி, கனமெல்லாம் காலில் இருந்து, கை ஹேண்டில்மேல் லேசாகக் கிடந்தால் அதுவே உங்கள் அளவு. இரண்டு அளவுக்கு நடுவில் விழுகிறவர்கள் நிறையத் திருப்பங்கள் உள்ள பாதைக்குச் சின்னதையும், வேகமான நேர்ப் பாதைக்குப் பெரியதையும் எடுக்கலாம். ஐந்தடிக்குச் சற்றே மேல் இருப்பவர்கள் சந்தேகம் வந்தால் சின்னதையே எடுங்கள். ஃபிரேமின் மேல் குழாய்க்கு இரு பக்கமும் கால் ஊன்றி நிற்கும்போது குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குவதாக இருந்தால் பின்பக்கச் சஸ்பென்ஷனின் மூட்டுகளைச் சோதியுங்கள். சீட்டைப் பிடித்து வண்டியைச் சற்றே தூக்கி இறக்கினால், தேய்ந்த மூட்டு 'கடக்' என்று காட்டிக்கொடுக்கும். பேரிங் மாற்றும் செலவு வண்டி விலையில் கணிசமான பங்காகிவிடும். ஃபோர்க்கின் பளபளக்கும் மேல் குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் கீறல் இருந்தால் அந்த வழியே எண்ணெய் கசியும், தூசி உள்ளே போகும். கீழ்க் கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றும் வேலையை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது ராக்‌ஷாக்ஸ். செம்மண் புழுதியிலும் மழைச் சேற்றிலும் ஓட்டுகிறவர்கள் அதற்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. பணம் கொடுக்கும் முன், அந்த ஃபோர்க்குக்கான சீலும் எண்ணெயும் உங்கள் ஊரில் கிடைக்குமா, மாற்றத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லை என்றால் சரியான அளவில் ஒரு ரிஜிட் ஃபிரேமும், மிச்சப் பணத்துக்குக் கிடைப்பதிலேயே நல்ல டயரும் வாங்குங்கள்.